எதைவிட நன்னாருக்கு?

எங்கள் பக்கத்துப் போர்ஷன் மாமியிடம் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "எதைவிட?" என்பாள்.

கல்யாணச் சாப்பாடு பிரமாதம் என்றால், எதைவிட. இந்த வருஷம் மழை அதிகம் என்றால், எதைவிட. ஜுரத்தில் கிடந்து எழுந்து உட்கார்ந்த மாமாவிடம் ஒரு நாள், "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "தேவலை" என்றார் மாமா, பாவம். "எதைவிட? நேத்தைவிடவா, முந்தாநாளைவிடவா?" மாமா மறுபடியும் படுத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான கையோடு, நான் ராஜா அண்ணாமலைபுரத்துக்குக் குடிவந்தேன். ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் பாதி எங்களுக்கு, பாதி மாமிக்கும் மாமாவுக்கும். நடுவில் ஒரு சுவர் இருந்தது. அது பெயருக்குத்தான். நான் கடுகு தாளித்தால் அந்தப் பக்கத்திலிருந்து, "எண்ணெய் இன்னும் காயணும்" என்று குரல் வரும்.

மாமி குள்ளம். விடுவிடுவென்று நடப்பாள். மந்தைவெளி மார்க்கெட்டிலிருந்து வரும்போது இரண்டு கையிலும் இரண்டு பை இருக்கும். ஒரு கடைக்காரனிடம் எல்லாவற்றையும் வாங்கினால் அவனுக்குத் திமிர் வந்துவிடுமாம். அதனால் கத்திரிக்காய்கூட இரண்டு கடையில் பாதிப் பாதி. முதல் கடையில் வாங்கியதை இரண்டாம் கடையில் எடுத்துக் காட்டி, "பார்த்தியா, அவன் எப்படிக் கொடுத்திருக்கான்" என்பாள். திரும்பும் வழியில் இரண்டாம் கடைக் காயை முதல் கடையில் காட்டுவாள். "இன்னா மாமி, கத்திரிக்கா வாங்க வந்தியா, ரெண்டு கடைக்கும் சண்டை மூட்ட வந்தியா?" என்று அந்தக் கடைக்காரம்மா சிரிப்பாள். ஆனாலும் நல்ல காயாகப் பொறுக்கி எடுத்து வைப்பாள்.

தி.நகர் ஜவுளிக் கடைகளில் மாமியை எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சிப்பந்திகள் மாடிக்கு ஓடுவார்கள். கடை விளக்கில் நிறம் பொய் சொல்லும் என்பது மாமியின் கட்சி. இரண்டு புடவைகளை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு, துணைக்கு ஒரு சிப்பந்தியையும் இழுத்துக்கொண்டு, வெயிலுக்கு வந்துவிடுவாள். ஒருமுறை பனகல் பார்க் அருகே அப்படி நின்றபோது ஒரு அம்மாள் மாமியைப் புடவை விற்பவள் என்று நினைத்து, "பச்சை என்ன விலை?" என்று கேட்டாள். மாமி கோபப்படவில்லை. "பச்சையை எடுக்காதேங்கோ, உங்க நிறத்துக்கு அரக்குதான் எடுப்பா இருக்கும்" என்றாள். அந்த அம்மாள் கடைக்குள் போய் அரக்கை வாங்கிக்கொண்டு போனாள். மாமி ஒன்றும் வாங்கவில்லை. நான் கூடப் போயிருந்தேன். வெட்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இதெல்லாம் சிரிக்க நன்றாக இருக்கும். சிரிக்க முடியாத சமாசாரமும் உண்டு. ஒரே மகளுக்கு வரன் பார்த்தபோது, இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை ஒரே நாளில் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டாள். முதல் கோஷ்டி கிளம்பினபிறகு அடுத்தது என்பது கணக்கு. முதல் கோஷ்டிக்கு மாமியின் கேசரி பிடித்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது கோஷ்டியும் வந்து அதே பாயில் உட்கார்ந்தது. இரண்டு மாப்பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில். மாமாவுக்கு வியர்த்துவிட்டதாம். மாமி மட்டும், "அதுவும் நல்லதுக்குத்தான், வெளிச்சம் ஒரே மாதிரி விழறது" என்றாளாம். மகள் இரண்டு பேரையும் வேண்டாம் என்றுவிட்டு, தன் ஆபீஸில் வேலை செய்தவனைக் கட்டிக்கொண்டாள். "அவனுக்கு எதிரே நிறுத்தறதுக்கு ஆள் தேடறதுக்குள்ள ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிட்டா" என்று மாமி வெகுகாலம் குறைப்பட்டாள்.

அந்த மகள் ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்தாள். மாமி என்னைக் காட்டி, "இவளைப் பாரு, எவ்வளவு பாந்தமா குடித்தனம் பண்றா, உன்னைவிட சின்னவ" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபிறகு இல்லை. அதற்கு முன்பே எனக்கும் அப்படி ஒன்று கிடைத்திருந்தது. நான் ஆசையாகக் கொடுத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "முன்னே குடியிருந்தவ ரசம் இன்னும் கொஞ்சம் தெளிவா இருக்கும்" என்றாள். நான் விருதுநகர்க்காரி. எங்கள் ஊரில் ரசம் கலங்கித்தான் இருக்கும். அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். முன்னே குடியிருந்தவளை நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் அவளை அவ்வளவு வெறுத்தேன்.

அப்படிப்பட்ட மாமி எங்கள் கார் விஷயத்தில் தலையிட்டதை நான் முதலில் விரும்பவில்லை என்று சொன்னால் ஆச்சரியமில்லை.

அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் தெருவுக்கு ஆட்டோக்காரர்கள் வருவது அவர்கள் மனதைப் பொறுத்தது. வலி எடுத்தால் என்ன செய்வது என்று என் கணவர் என்னைவிட அதிகம் பயந்துபோயிருந்தார். பழைய கார் ஒன்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார். என் வளையல்களையும் அதில் போடுவதாக ஒப்புக்கொண்டேன். பேப்பரில் வரி விளம்பரம் பார்த்து அடையாறு போய்விட்டு, முகமெல்லாம் பூரித்து வந்தார். வெளிர்நீல பத்மினி. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரியின் கார். ஷோரூமிலிருந்து அவரே ஓட்டிவந்தது, வேறு கை படாதது.

"அவ்வளவு நல்லா இருக்கு மாமி!" என்றார், சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி. அதுதான் தப்பு.

"எதைவிட?" என்றபடி மாமி வந்தே விட்டாள். "ஒண்ணே ஒண்ணைப் பார்த்துட்டு நன்னாருக்குன்னு எப்படிச் சொல்றேள்? அதே மாதிரி இன்னொண்ணு பார்க்கணும்."

தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருந்தார். வடபழனியில் சினிமாப் படப்பிடிப்புக்குக் கார் வாடகைக்கு விடும் புரோக்கர் ஒருவரிடம் அதே மாடலில் ஒரு வெள்ளைக் கார் விலைக்கு இருப்பதாகச் சொன்னார். மாமி அவரிடமே கேட்டாள்: "ஏம்ப்பா, புடவைன்னா ஜரிகையைப் பார்ப்பேன். ரெண்டு கார் ஒரே மாதிரி இருந்தா எதைப் பார்க்கணும்?"

"எஞ்சினைப் பாருங்க, டயரைப் பாருங்க. எல்லாத்தையும் மாத்திடலாம் மாமி. மாத்த முடியாதது சேஸிஸ் நம்பர்தான். பானெட்டைத் தூக்குனா உள்ள தகரத்துல அடிச்சிருப்பான். நம்ம கைரேகை கணக்கா அது. ஒரு வண்டிக்குக் கீறது இன்னொண்ணுக்கு இருக்கவே இருக்காது. காகிதத்தை மேல வச்சுப் பென்சிலால தேய்ச்சா அப்படியே வரும்."

மாமிக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எம்பிராய்டரி டிசைன் எடுக்கும் வெண்ணெய்த்தாளையும் பென்சிலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தள்ளிய வயிற்றோடு நானும் போனேன். வீட்டில் இருந்தால் கவலைதான்.

அடையாறு வீட்டில் அதிகாரி எங்களை வாசலிலேயே நிற்கவைத்துக் காரின் பெருமையைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் காரின் முதுகைத் தடவினார். அவர் மனைவி காபியோடு வந்தாள். ஒடிசலான உருவம், கனிந்த முகம். "எங்கப்பா கொடுத்த சீர் இது. இவருக்குப் பிரமோஷன் ஆனப்போ புதுக் கார் வாங்கிக்கோங்கோன்னு பணம் கொடுத்தார். விக்கறதுக்கு மனசே இல்லை. இவருக்கு இப்போ கண் சரியாத் தெரியலை" என்றாள். மாமி பானெட்டுக்குள் தலையை விட்டுப் பென்சிலால் தேய்த்தாள். அதிகாரி என் கணவரைப் பார்த்து, பெண்களைப் பற்றி ஆண்கள் சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

வடபழனிப் புரோக்கர் வேறு ரகம். பூப்போட்ட சட்டை, வாயில் பாக்கு. "வா நைனா" என்று என் கணவர் தோளில் கைபோட்டார். வண்டி பாண்டிச்சேரி நம்பர். அங்கே ஒரு டாக்டரம்மாவிடம் வாங்கியதாம். மாமி தேய்ப்பதைப் பார்த்து, "இன்னா மாமி, அம்மியைத் தேய்க்கிறாப்போல தேய்க்கிறீங்க? வண்டி வலிக்குதுன்னு கத்தப்போவுது" என்றார். என் கணவர் திரும்பும் வழியிலேயே சொல்லிவிட்டார்: "ஆளைப் பார்த்தாலே தெரியுது. அடையாறு காரையே முடிச்சிடலாம்."

வீட்டுக்கு வந்து மாமி இரண்டு தாள்களையும் கூடத்தில் விரித்தாள். குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

இரண்டும் ஒரே நம்பர்.

"ஒரே கம்பெனிதானே மாமி, ஒரே நம்பர்தான் இருக்கும்" என்றார் என் கணவர். எம்.காம். படித்தவர். மாமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் தாளைத் தொடாமலே பின்வாங்கினார். "மாமி, இது வம்பு. ரெண்டுல ஒண்ணு திருட்டு வண்டி. எங்கனா ஓடிக்கினு இருக்கிற நல்ல வண்டியோட நம்பரைத் தெரிஞ்சுக்கினு, திருடின வண்டியோட தகரத்தை வெட்டிட்டு, அந்த நம்பர் அடிச்ச வேற தகரத்தை ஒட்டிடுவானுங்க. ரெண்டும் ரெண்டு ஊர்ல ஓடற வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"அந்த வடபழனி ஆள்தான்! நான்தான் சொன்னேனே!" என்று என் கணவர் குதித்தார். போலீசுக்குப் போக வேண்டும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமி ஒப்புக்கொள்ளவில்லை. "வடபழனின்னா திருடன், அடையாறுன்னா யோக்கியன்னு இந்தத் தாள்ல எங்கேயாவது தேய்ஞ்சு வந்திருக்கா?" என்றாள். "ரெண்டையும் பக்கத்துல நிறுத்திப் பார்க்காம நான் யாரையும் சொல்லமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் அது நடந்தது. விலை பேசி முடிக்கலாம், வண்டியோடும் காகிதங்களோடும் வாருங்கள் என்று இருவரையும் தனித்தனியே வரச் சொல்லியிருந்தாள். அதிகாரி காரை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு மனைவியோடு வந்தார். அப்பா கொடுத்த கார் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்க அந்த அம்மாளுக்கு ஆசை. இரண்டு பத்மினிகளையும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நிறுத்தவைத்து, மாமி இரண்டு பானெட்டையும் திறக்கச் சொன்னாள். எதிர்வீட்டுப் பால்கனிகளில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"சார், நீங்க அவர் வண்டி நம்பரைப் படிங்கோ. ஏம்ப்பா, நீ சார் வண்டி நம்பரைப் படி. உரக்க."

அதிகாரிக்குக் கண் சரியில்லை என்பதால் அவர் மனைவி குனிந்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். இந்தப் பக்கம் புரோக்கரும் படித்தார். பாதியில் இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி ஒரே நம்பரை இருவரும் சேர்ந்து சொல்லி முடித்தார்கள்.

புரோக்கர் மெல்லுவதை நிறுத்தினார். ஓடிப்போவார் என்று என் கணவர் தயாராக நின்றார். அவர் ஓடவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து நீலக் காரின் நம்பரைச் சுற்றிச் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது. அடியில் புழு ஊர்ந்த மாதிரி ஒரு வெல்டிங் கோடு, நம்பரைச் சுற்றி நாலு பக்கமும்.

"சார், ஒட்டு உங்க வண்டிலதான் கீது. என் வண்டில வந்து சுரண்டிப் பாருங்க. டாக்டரம்மாவோட மொத பில்லு என்னாண்ட கீது. இந்தாங்க."

"நான் யார் தெரியுமா?" என்று அதிகாரி கத்தினார்.

"நீங்க யாருன்னு அப்புறம் பார்க்கலாம். கார் யாருன்னு சொல்லுங்கோ" என்றாள் மாமி. "ஷோரூம்ல வாங்கின பில் இருக்கா?"

"இருக்குமே! பீரோல எல்லாம் பத்திரமா வெச்சிருக்கார். நான் ஆட்டோல போய் எடுத்துண்டு வந்துடறேன்" என்று அந்த அம்மாள் பரபரத்தாள்.

"வேண்டாம்" என்றார் அதிகாரி. குரல் இறங்கிவிட்டது.

"ஏன்?"

"ஷோரூம்ல வாங்கலை."

"பின்னே?"

"பல்லாவரத்துல ஒருத்தன்கிட்ட. செகண்ட் ஹேண்ட்."

அந்த அம்மாள் காரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஆத்துக்குக் கொண்டுவந்தப்போ புது வாசனை அடிச்சுதே?"

"அன்னிக்குதான் பெயிண்ட் அடிச்சிருந்தான்."

பால்கனியில் யாரோ சிரித்துவிட்டு அடக்கினார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "எங்கப்பா புதுக் காருக்குன்னா கொடுத்தார்? மிச்சம் எங்கே?"

"ஷேர்ல போட்டேன்."

"எங்கே அந்த ஷேர்?"

"போயிடுத்து."

இத்தனை வருஷமும் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள். எத்தனை பேரிடம் எங்கப்பா கொடுத்த புதுக் கார் என்று சொல்லியிருப்பாள். முன்சீட்டிலிருந்து தன் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "நான் ஆட்டோல போறேன். திருட்டு வண்டில ஏறமாட்டேன்" என்று நடந்தாள். எங்கள் தெருவுக்கு என்றுமே வராத ஆட்டோ, அன்று கைகாட்டிய உடனே நின்றது.

அதிகாரி பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி அவர் அருகே போய்த் தணிந்த குரலில் சொன்னாள்: "ஸ்டேஷனுக்கு நீங்களாப் போய்ச் சொன்னா நீங்க ஏமாந்தவர். அவாளாத் தேடிண்டு வந்தா நீங்க திருடர். ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கோ."

அவர் ஒப்பிட்டுப் பார்த்து அன்றே போனார். புரோக்கரும் முணுமுணுத்துக்கொண்டே சாட்சிக்குப் போனார். நீலக் காரைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. விசாரணை முடியும்வரை வெள்ளைக் காரை விற்கக் கூடாது என்றுவிட்டார்கள். ஆகவே எங்களுக்கு எந்தக் காரும் கிடைக்கவில்லை. எனக்கு வலி எடுத்த பகல்வேளையில் என் கணவர் புரோக்கருக்குத்தான் போன் செய்தார். விற்க முடியாத அந்த வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். "பயப்படாதம்மா, அசல் வண்டி இது, போலீசே சொல்லிட்டாங்க" என்று வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொன்னார். பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச மாதம் கழித்து வண்டி எங்களுக்கே வந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டொரு நாள் கழித்து நடந்ததுதான் மாமியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாதது.

அதிகாரியின் மனைவி வந்தாள். சண்டைக்கு என்று நினைத்துக் கதவோரம் நின்றேன். அவள் ஒரு சின்ன வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே வைரத் தோடு.

"இதுவும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். கார் வந்த அதே வருஷம். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. நகைக்கடைக்கு எடுத்துண்டு போக வெட்கமா இருக்கு. நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ."

"ஒண்ணை மட்டும் வெச்சுண்டு என்ன சொல்றது?" என்று மாமி என் காதைப் பார்த்தாள். எனக்கு வெறும் தங்கம். உடனே தன் காதில் கைவைத்துத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள். அவர்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு மாமா வாங்கிப் போட்டது அது.

சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா, "அதை எதுக்கு இப்போ கழட்டறே? திருகாணி தொலைஞ்சுடும்" என்றார். மாமி செய்கிற எதையும் மாமா வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாமி காதில் வாங்கவில்லை. இரண்டு தோடுகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். "வைரத்துல மூச்சுவிட்டா ஆவி நிக்காது, உடனே தெளிஞ்சுடும். கண்ணாடிக் கல்லுன்னா பனி பிடிச்ச மாதிரி கொஞ்ச நேரம் மங்கியே இருக்கும்" என்று எங்களுக்குச் சொன்னாள். இரண்டையும் வாயருகே தூக்கி, ஹா என்று ஊதினாள்.

அந்த அம்மாளின் தோடு ஊதிய மறுகணமே பளிச்சென்று தெளிந்தது. அவள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதனால் மற்றதை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மாமியின் தோடு வெள்ளையாகப் பூத்து, அப்படியே இருந்தது.

மாமி திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். பேப்பர் மாமாவின் தலைக்குமேல் உயர்ந்திருந்தது. விளிம்பில் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"உங்களுது அசல் வைரம். நிம்மதியாப் போய்த் தூங்குங்கோ" என்றாள் மாமி.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்த சந்தோஷத்தில் மரியாதைக்காகக் கேட்டாள்: "உங்களுது எப்படி மாமி?"

மாமி தோட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். காதில் போட்டுத் திருகாணியை நன்றாக முடுக்கினாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் என் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்னுதா? உங்களுதைவிட ஒரு படி ஒசத்தி" என்றாள்.

பிறகு உள்ளே போய் எங்கள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். மாமாவின் டம்ளரில் மட்டும் சர்க்கரை இல்லை. ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் போன போக்கில் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசிச் சொட்டுவரை குடித்து, "காபி நன்னாருக்கு" என்றார். எதைவிட என்று மாமி கேட்கவில்லை.